பேசியாச்சு, நலம்

மணி நான்கு இருபது ஆகியும் அந்த மஞ்சள் வரி வரவில்லை. எச்சரிக்கை வரவில்லையே என்று யாராவது கவலைப்படுவார்களா? அவள் கவலைப்பட்டாள். ஆறு மாதமாக நான்கு மணி அடித்தால் பிசகாமல் வந்து நிற்கும் வரி அது.

கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத அறை. வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. ஏசியின் உறுமலும், சூடேறிய ஒயர்களின் மெல்லிய கருகல் வாசனையும், காலையில் குடித்து மூலையில் வைத்த காகிதக் கோப்பையில் காபி புளித்துப்போன வாடையும்தான் அங்கே பருவநிலை. ஊரில் ஆயிரத்துச் சொச்சம் கடைகளிலும் கிடங்குகளிலும் வீடுகளிலும் பொருத்தியிருக்கும் கருவிகள் இந்த அறையோடுதான் பேசும். கதவு உடைந்தாலும் புகை எழுந்தாலும் அவள் திரையில் சிவப்பு வரி விழும். மஞ்சள் வரி வேறு. தனியாக வாழும் வயதானவர்களின் வீட்டில், தினமும் காலை எட்டிலிருந்து கணக்கிட்டு, எட்டு மணி நேரமாக ஒரு அசைவும் இல்லை என்றால் அது வரும். உடனே போன் செய்ய வேண்டும். எதிர்முனையில் அவர்கள் ரகசியச் சொல்லைச் சொன்னால் ‘பேசியாச்சு, நலம்’ என்று பதிவு செய்ய வேண்டும், வரி மறையும். மூன்று முறை அடித்தும் எடுக்காவிட்டால் ரோந்துக்காரரை அனுப்ப வேண்டும்.

இரண்டு பேர் உட்கார வேண்டிய இடம். பக்கத்து நாற்காலிக்காரி தொடர் விடுமுறைக்குக் கணவன் பிள்ளைகளோடு கிளம்பிப் போய்விட்டாள். “உனக்கென்னடி, வீட்ல காத்துக்கிட்டு இருக்க ஆளா இருக்கு? நாலு நாளும் நீயே பாத்துக்க” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சரி என்றுதான் சொன்னாள், ஏனென்றால் அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

மஞ்சள் வரிக்குச் சொந்தக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். மனைவி இல்லை; ஒரே மகன் வெளிநாட்டில். காலை உணவை முடித்துக் கூடத்து நாற்காலியில் சாய்ந்தால் மாலைவரை அசையமாட்டார், அதனால்தான் தினமும் நான்கு மணிக்கு அந்த வரி. இவள் அழைப்பாள். ‘ஏழாவது மாடி’ என்று தன் ரகசியச் சொல்லைச் சொல்வார். அதோடு இவள் வேலை முடிந்தது, அவர் பேச்சு தொடங்கியது. மூட்டுவலி, எதிர்வீட்டு நாய், மகன் போன் பண்ணாதது, லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு டாக்டரும் நோயாளியும், கதவைத் திறப்பதற்குள் மயங்கி விழுந்தது டாக்டர்தான் என்ற கதை. அந்தக் கதையை மட்டும் ஒன்பது முறை கேட்டிருக்கிறாள்.

முதலில் அவளுக்கு அது பிடித்திருந்தது. பிறகு பயமாகிவிட்டது. அவரோடு அரை மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து விளக்கைப் போடும்போது, வாசலில் கழற்றிய செருப்பு மறுநாள் காலை வரை அதே இடத்தில் அதே கோணத்தில் கிடக்கும் என்பது அவளுக்கு உறைக்கும். இன்னும் இருபது வருடத்தில் தன் வீட்டுக் கூடத்திலும் இப்படியொரு கருவியை மாட்ட வேண்டியிருக்கும். அப்போது யார் அழைப்பார்கள்?

வெள்ளிக்கிழமை மஞ்சள் வரி வந்தபோது அவளுக்குத் தலைவலி. போன் செய்யாமலே ‘பேசியாச்சு, நலம்’ என்று தட்டினாள். வரி மறைந்தது. உண்மையில் பேசினாளா என்று கணினி கேட்பதில்லை, எழுதினால் நம்பிவிடும். அந்த அறையில் எல்லோரும் எப்போதாவது செய்வதுதான். சனிக்கிழமை தலைவலி இல்லை, ஆனாலும் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை யோசிக்கக்கூட இல்லை.

இன்று திங்கள். வரி வரவில்லை என்றால் வீட்டில் அசைவு இருக்கிறது என்று அர்த்தம். பெரியவர் எழுந்து நடமாடுகிறார் போலும், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டே அந்த வீட்டின் பக்கத்தைத் திறந்தாள். கூடம், அசைவு. கூடம், அசைவு. மூன்றரை மணியிலிருந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒரே வார்த்தை கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. நாற்காலியை விட்டு எழ இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து முனக வேண்டிய மனிதர், முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகக் கூடத்துக்குள்ளேயே என்ன செய்கிறார்?

அதற்கு முந்தைய பதிவைத் தேடி மேலே போனாள்.

வியாழன் இரவு ஒன்பது பத்து: கூடம், அசைவு. அதற்கும் இன்றைக்கும் நடுவில் எதுவுமே இல்லை. சமையலறை இல்லை, குளியலறை இல்லை, படுக்கையறை இல்லை. மூன்று நாள் முழுக்க ஒரு மனிதன் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. நடுவில் மூன்று இடங்களில் மட்டும் அவள் பணி எண்ணோடு மூன்று வரிகள் பச்சையாக நின்றன. பேசியாச்சு, நலம். பேசியாச்சு, நலம். பேசியாச்சு, நலம்.

போன் செய்தாள். லைன் பிஸி. மறுபடி செய்தாள். பிஸி. ஐந்தாவது முறையும் அதே விட்டுவிட்டு ஒலிக்கும் சத்தம். பிஸியாக இருந்தால் பேசிக்கொண்டிருக்கிறார், பேசிக்கொண்டிருந்தால் உயிரோடு இருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ரோந்துக்காரரை அழைத்தாள்.

“லீவு நாள்லகூட நம்மள நிம்மதியா ஒரு டீ குடிக்க விடமாட்டீங்களே” என்றார் அவர். பத்து வருடமாகத் தெரிந்தவர், எல்லாவற்றுக்கும் இப்படித்தான் ஆரம்பிப்பார்.

“அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணே. ப்ளீஸ்.”

அவள் குரலில் என்ன கேட்டதோ, மறுபேச்சுப் பேசாமல் வண்டியை எடுத்தார். பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் ஏசியின் உறுமலுக்கு அடியில் வேறு ஏதோ சத்தம் இருப்பதுபோலவே அவளுக்குப் பட்டது. காதைத் தீட்டினால் இல்லை, கவனத்தை எடுத்தால் இருந்தது, பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ தாழ்ந்த குரலில் யாரையோ சமாதானப்படுத்துவதுபோல. பக்கத்தில் அறையே கிடையாது, மண்தான்.

“வாசல்ல நிக்கிறேம்மா. பெல் அடிச்சேன், வரல. ஆனா உள்ள பேச்சு சத்தம் கேக்குது” என்றார் ரோந்துக்காரர்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்பாடா. பேசுறாரா?”

“அவர் இல்ல. ஒரு பொண்ணு பேசுது. மக வந்திருக்கோ?”

“அவருக்கு மகளே இல்லண்ணே.”

“அப்போ டிவியா இருக்கும்.” மறுபடி பெல் அடிப்பது கேட்டது. “ஆனா இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேன்மா. சட்டுனு ஞாபகம் வரல. இரு, நம்ம ஆபீஸ்ல குடுத்து வச்ச சாவியப் போடுறேன்.”

பூட்டு திறக்கும் சத்தம். திரையில் ‘ரோந்து உள்ளே’ என்று விழுந்தது. அதோடு கூடத்து கேமரா என்ற பொத்தானும் விழித்துக்கொண்டது. அடுத்தவர் வீட்டு அந்தரங்கம் என்பதால் ரோந்து நுழைந்தால் மட்டுமே அது வேலை செய்யும். அவள் அதைத் தொடவில்லை. தொடத் துணிவில்லை. காதில் ரோந்துக்காரரின் பூட்ஸ் நாலு அடி வைத்தது, நின்றது. பிறகு அவர் ஓங்கரிப்பது கேட்டது.

“அண்ணே?”

“போயிட்டாரும்மா. நாற்காலியிலயே. ரெண்டு மூணு நாள் ஆகியிருக்கும் போல. கடவுளே, என்ன நாத்தம்.”

“பேசினது?”

“யாரும் இல்ல. நான் கதவைத் திறந்ததும் பேச்சு நின்னுபோச்சு. டிவியும் ஓடல. போன் ரிசீவர் மட்டும் அவர் மடியில கிடக்கு. என்னால இங்க நிக்க முடியலம்மா, வாசல்ல இருக்கேன். போலீசுக்குச் சொல்லிட்டேன்.”

அவள் அழவில்லை. ஒரே ஒரு முறை போன் செய்திருந்தால். அதற்குமேல் நினைக்க மனம் இடம் தரவில்லை.

சூப்பர்வைசர் வீட்டிலிருந்து அழைத்தார். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம். “மூணு நாளும் பேசினதா எழுதியிருக்கியே, அப்புறம் எப்படி? சரி, பதட்டப்படாத. அந்த மூணு கால் ரெக்கார்டிங்கையும் எடுத்து வை. போலீஸ் கேப்பாங்க. ரெக்கார்டிங் இருந்தா உனக்கு ஒண்ணும் வராது.”

“சரி சார்” என்றாள். இந்த அறையிலிருந்து போகும் ஒவ்வொரு அழைப்பும் தானாகவே பதிவாகும். போகாத அழைப்பு எப்படிப் பதிவாகும்? வேலை போகும், வழக்கு வரும், ஒரு மனிதனைச் சாகவிட்டவள் என்று பெயர் வரும். எல்லாம் வரட்டும், வரவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, அந்த வெறுமையைக் கண்ணால் பார்த்துவிடலாமென்று பதிவுப் பட்டியலைத் திறந்தாள்.

மூன்று பதிவுகள் இருந்தன.

வெள்ளி, இருபத்தாறு நிமிடம். சனி, ஐம்பத்திரண்டு நிமிடம். ஞாயிறு... அந்த எண்கள் நிற்கவில்லை. இருபத்தைந்து மணி நேரம், பதினொரு நிமிடம், நாற்பது வினாடி. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. அழைப்பு இன்னும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமையை ஓடவிட்டாள்.

“ரகசியச் சொல் சொல்லுங்கய்யா.” அவளுடைய குரல். அன்று அவள் சொல்லவே இல்லாத வாக்கியம், அவள் எப்போதும் சொல்லும் விதத்தில்.

“ஏழாவது மாடி.” பெரியவருக்கு மூச்சு வாங்கியது. “அம்மாடி, ராத்திரியிலேருந்து எழுந்திருக்க முடியலம்மா. இடது பக்கம் மரத்துப்போச்சு. யாரையாவது அனுப்பேன்.”

“நான் இருக்கேன்ல.”

“ஆம்புலன்ஸ்...”

“நான் லைன்லயே இருக்கேன்யா. பேசுங்க. அந்த டாக்டர் கதையைச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். நடுவில் குழறியது, மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தது அந்தக் குரல். கடைசி ஐந்து நிமிடம் அவர் தண்ணீர் மட்டும்தான் கேட்டார்.

வெள்ளிக்கிழமை உயிரோடு இருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவள் அழைத்திருந்தால் பிழைத்திருப்பார்.

சனிக்கிழமையைத் தொட்டாள். அதில் பெரியவர் இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தம், எங்கோ எதிர்வீட்டு நாய், அவற்றுக்கு நடுவே அவளுடைய குரல், இதமாக, இடைவெளி விட்டு விட்டு. “ம்.” நீண்ட மௌனம். “ம், சொல்லுங்க.” மௌனம். “அப்படியா? அப்புறம்?” யாரும் எதுவும் சொல்லவில்லை. குரல் சிரித்தது. அவளே மறந்துபோன சிரிப்பு. மனிதர்களோடு இருந்த காலத்தில் அவள் சிரித்த சிரிப்பு.

ஞாயிறு. ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பு.

வேண்டாம் என்று மனம் கத்தியது. தொட்டாள்.

மின்விசிறி. வாசலில் ரோந்துக்காரரின் இருமல். அது பதிவு அல்ல. இப்போது. இந்த நொடி.

மெல்லிய குரல். அவளுடையது. கிசுகிசுப்பாக.

“ஐயா, யாரோ லைன்ல வந்திருக்காங்க.”

ஏசி நின்றுவிட்டதுபோல இருந்தது. கை தன்னிச்சையாகப் போனது. கேமரா.

கூடம். மாலை வெளிச்சம். நாற்காலியில் பெரியவர், தலை தொங்கி, நிறம் மாறி. அப்பால் திறந்த கதவு. கதவுக்கு வெளியே ரோந்துக்காரரின் முதுகு.

பெரியவருக்கும் வாசலுக்கும் நடுவே இன்னொரு நாற்காலி. பெரியவரின் முழங்காலோடு முழங்கால் உரசும் அளவுக்கு நெருக்கி இழுத்துப் போட்டிருந்தது. அதில் ஒரு பெண். முதுகு தெரிந்தது. சாம்பல் நிற ஸ்வெட்டர். வலது முழங்கையில் நூல் பிரிந்திருந்தது.

இவள் தன் முழங்கையைப் பார்த்தாள், அங்கேயும் நூல் பிரிந்திருந்தது.

அந்தப் பெண் குனிந்து பெரியவரின் வீங்கிய கையை எடுத்தாள். தடவினாள். நிதானமாக. நேரம் நிறைய இருக்கிறவள்போல.

பிறகு திரும்பினாள். கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய முகமேதான். கண்கள் மட்டும் அழுது சிவந்திருந்தன. உதடு அசைந்தது. காதுக்குள், மிக அருகில்:

“இன்னிக்கும் பேசியாச்சுன்னு எழுதிடு. இவரோட பேசி முடிஞ்சதும் உன் வீட்டுக்கு வரேன்.”

வாசலில் ரோந்துக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பி உள்ளே பார்த்தார். கூடத்துப் பெண்ணை நேருக்கு நேர் பார்த்தார். அவர் முகத்தில் பயமே இல்லை. தெரிந்தவரைக் கண்ட நிம்மதிதான் இருந்தது.

“அட, நீயே வந்துட்டியாம்மா” என்றபடி உள்ளே காலெடுத்து வைத்தார்.

கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.