சாம்பலில் இல்லாத ஆணிகள்

காலை 8.20.

ஓவியக்கூடத்தின் பின்பக்கக் கிடங்கு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த பத்துப் படங்களும் சாம்பல். வரைந்தவள் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒன்பது போகட்டும் மேடம். பத்தாவது என் பொண்ணு. போன வருஷம் போயிட்டா. அவளைக் குளக்கரையில உட்கார வெச்சு வரைஞ்சது அது ஒண்ணுதான்."

"அதை ஏம்மா விற்கக் குடுத்தீங்க?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"விற்க இல்ல. பார்வைக்கு மட்டும்னு வாயால சொன்னேன். சரின்னு தலையாட்டினாரு."

தலையாட்டிய முதலாளி ஒப்பந்தத்தை நீட்டினார்.

"ஏழாவது விதியைப் பாருங்க. விற்கிற வரைக்கும் படம் அவங்களோடது. விற்றா ஆளுக்குப் பாதி. தீயில போனா கூடம் பொறுப்பில்ல. அம்மா கையெழுத்து இருக்கு."

"தீ எப்படி?"

"கிடங்கு என் மச்சான் பொறுப்பு. வாயில சிகரெட் இல்லாம பார்க்க முடியாது."

"மாமா! நான் விட்டு மூணு மாசமாச்சு. அக்காவைக் கேளுங்க!" மச்சான் பதறினான்.

9.05. இன்ஸ்பெக்டர் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டிச் சாம்பல் முழுக்க இழுத்தாள். மாட்டும் வளையங்கள் இருபது ஒட்டிக்கொண்டு வந்தன.

"படத்துக்கு ரெண்டு. சரியா இருக்கே!" என்றார் முதலாளி.

"அம்மா, படத்துணியை மரச்சட்டத்துல எதால அடிப்பீங்க?"

"சின்ன இரும்பு ஆணி. ரெண்டு விரலுக்கு ஒண்ணு. ஒரு படத்துக்கு நூறு ஆணியாவது ஆகும்."

இன்ஸ்பெக்டர் காந்தத்தை முதலாளியின் மூக்கருகே உயர்த்தினாள்.

"வளையம் இருக்கு. ஆணி ஒண்ணுகூட இல்ல. இரும்பு எரிஞ்சா போகும்? வெளியூருக்கு அனுப்ப ஆணியைப் பிடுங்கித் துணியைச் சுருட்டினீங்க. வெறும் சட்டத்தைக் கொளுத்தினீங்க."

"மச்சான் செஞ்சிருக்கலாமே?"

"ஏழாவது விதி காப்பாத்துறது உங்களைத்தான், அவரை இல்ல. உங்க மேசை இழுப்பறையைத் திறங்க."

உள்ளே படங்களை விற்ற பத்து ரசீதுகள். எல்லாம் முதலாளி கையெழுத்து.

10.40. விலங்கு மாட்டியபோதும் முதலாளி சிரித்தார்.

"அவங்க பங்கை அமுக்கினது தப்பு, ஒத்துக்கிறேன். வித்தது தப்பில்லையே? 'விற்பனைக்கு அல்ல'ன்னு ஒப்பந்தத்துல எங்க இருக்கு?"

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை புரட்டினாள். எங்கும் இல்லை. வாங்கியவர் மனசு வைத்தால்தான் உண்டு. மகள் படத்தின் ரசீதில் இருந்த எண்ணை அழைத்து, போனை ஓவியரிடம் கொடுத்தாள்.

"குளக்கரைப் படமா? போன மாசமே மாட்டியாச்சே!"

"எவ்வளவு கேட்டாலும் தரேன் சார், திருப்பிக் குடுத்துடுங்க. அதுல இருக்கிறது என் பொண்ணு."

"பொண்ணா? ஓ, கீழ் மூலையிலயா? சோபாவுக்கு மேல உயரம் இடிச்சுதும்மா. கீழே ஒரு முழம் வெட்டிட்டுத்தான் மாட்டினோம்."

"வெட்டின துண்டு சார்?"

"அதுவா? பிரேம் போட்டவன் பசைக் கையைத் துடைச்சுட்டுத் தூக்கிப் போட்டுட்டான். மீதியை வேணும்னா வந்து பாருங்க. தண்ணியோட நீலம் பிரமாதம்!"