ஆளுக்கொரு கை

"ஹலோ... விடுங்க. நான்தான் முதல்ல எடுத்தேன்."

"எடுத்தீங்களா? நீங்க தொட்டீங்க. நான் ஹேங்கரோட பிடிச்சிருக்கேன்."

ஜாக்கெட்டின் வலது கை அவளிடம். இடது கை அவனிடம். நடுவில் மிச்ச ஜாக்கெட், பஞ்சாயத்துக்கு இழுத்து வரப்பட்ட பிள்ளை மாதிரி, ஆரஞ்சு நிறத்தில் பரிதாபமாகத் தொங்கியது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை அது. கயிறும் கூடாரமும் பூட்ஸுமாகக் கடை நிறைய ஆண்களுக்குத்தான். பெண்களுக்கென்று மூலையில் ஒரே ஒரு கம்பி. அதிலும் பாதி, கல்யாண வரவேற்புக்குப் போட்டுக்கொண்டு போகலாம் போல ரோஜா நிறத்தில் வழவழவென்று... ஒரு நல்ல காற்றுக்குத் தாங்காது. கண்ணில் பட்டதில் உருப்படியாக இருந்தது இந்த ஒன்றுதான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த தலை. கண்ணாடியில் நீர்த்துளிகள். அதற்குப் பின்னால் சிரிக்கிற கண்கள்... ஓரத்தில் மட்டும் என்னவோ ஒரு களைப்பு.

"சார், இது லேடீஸ் ஜாக்கெட்."

"தெரியும். ஒரு லேடிக்குத்தான் வாங்கறேன்."

மனசில் சுருக்கென்றது. 'அடியே, அவனுக்குப் பெண்டாட்டி இருந்தா உனக்கு என்ன வந்தது? முகத்தைப் பார்த்து முழுசா ஒரு நிமிஷம் ஆகலை' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"அவங்க எப்போ மலைக்குப் போறாங்க?"

"பனி உருகினதும். வேண்டாம்னா கேக்கறதில்லை."

"அப்போ அவசரமில்லை. நான் இந்த மாசமே போறேன். குளிர்காலம் முழுக்க அங்கேதான்."

அவன் பிடி தளர்ந்தது. "முழுக்கவா? அங்க காத்து ஆளையே தூக்கிட்டுப் போயிடும்னு சொல்றாங்களே..."

"அந்தக் காத்தை அளக்கத்தான் போறேன்."

வானிலைத் துறையில் கருவிகளைப் பராமரிக்கிறவள் அவள். மலை உச்சி நிலையத்துக்குக் குளிர்காலத்தில் போக ஒருவரும் முன்வரவில்லை. "வீட்டுல எதிர்பார்த்துக்கிட்டு இருக்க யாரும் இல்லாதவங்கன்னா சௌகரியம்" என்று மேலதிகாரி சொன்னபோது, அறையில் இருந்த தலைகளெல்லாம் தாமாக அவள் பக்கம் திரும்பின. யாரும் கெட்ட எண்ணத்தோடு திரும்பவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. யாராவது கேட்பதற்குள் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அப்பா போனபின் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். கடல் கடந்து இருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். டீ ஆறுவதற்குள் பேச்சு தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்து, கதவைப் பூட்டி, டிவியைப் போட்டு, அதில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காமலேயே சாப்பிட்டு முடிப்பாள். வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் வேண்டும்... அவ்வளவுதான்.

"சரி, உங்களுக்கே. பிழைச்சுப் போங்க" என்று இடது கையை விட்டுக்கொடுத்தான். "ஆனா ஒரு தட்சணை வேணும். எனக்கு இதுல அரிச்சுவடியே தெரியாது. எல்லாத்துலயும் மழை புகாதுன்னு எழுதியிருக்கு. எதை நம்பறது?"

அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பல நாளாக இதையேதான் படித்துக்கொண்டிருந்தாள். சொல்லத்தான் ஆளில்லை.

"உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையல் மேலெல்லாம் டேப் ஒட்டியிருக்கா? இல்லைன்னா ஊசி போன ஓட்டை வழியா தண்ணி போயிடும். அந்த மெத்துன்னு இருக்கிறதை எடுக்காதீங்க. தூறலுக்குச் சரி, அடைமழைக்கு ஆகாது. இதைப் பாருங்க... மொடமொடன்னு இருக்கு. மூணு அடுக்குத் துணி. வெளித் தண்ணி உள்ள வராது, உள்ள வேர்க்கிறது ஆவியா வெளியே போகும்."

"போகுமா? தண்ணியை விடாத துணி ஆவியை மட்டும் எப்படி விடும்?"

"அது அப்படித்தான். அப்படியும் ஏறும்போது வேர்த்துக் கொட்டும். அதுக்குத்தான் அக்குள்ல ஜிப். தொப்பிக்கு முன்னால விறைப்பா ஒரு விளிம்பு வேணும், இல்லைன்னா காத்துல மூஞ்சியை மூடிக்கும். அப்புறம், உள்ள கம்பளி ஸ்வெட்டர் போடற அளவுக்கு இடம் இருக்கணும். அழகா உடம்பைப் பிடிச்சுச்சுன்னா, குளிரும் வந்து பிடிச்சுக்கும்."

சொன்னபடியே தன் ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டு, ஜிப்பை மோவாய்வரை ஏற்றினாள். இரண்டு கையையும் மேலே தூக்கினாள். "பாறையைப் பிடிச்சு ஏறும்போது இது இடுப்புக்கு மேல ஏறக் கூடாது. ஏறுதா, பாருங்க."

"ஏறலை" என்றான், கடையின் கூரையைப் பார்த்தபடி.

"அது கூரையில தெரியுதா?"

அவன் காது சிவந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளைக்கப்புறம்...

அந்த நேரம் பார்த்து அவன் போன் அலறியது. மூலையில் ஒதுங்கினாலும் எதிர்முனைக் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"எங்கடா இருக்கே?"

"உனக்கு ஜாக்கெட் வாங்க வந்திருக்கேன்மா."

"ஜாக்கெட்டா? என் அளவு உனக்கு எப்படிடா தெரியும்? புடவையை எடுத்துட்டுப் போனியா, நிறம் பார்க்க?"

"ஐயோ அம்மா... அந்த ஜாக்கெட் இல்லை! மலைக்குப் போடற ஜாக்கெட்!"

அம்மா! அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இறங்கி லேசானது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் அம்மாவுக்கு, அந்த மூலைக் கம்பியில் மற்றவற்றுக்கு நடுவே மறைந்திருந்த மஞ்சள் ஒன்றை அவளே தேடி எடுத்துக் கொடுத்தாள்.

பக்கத்திலேயே ஒரு டீக்கடை. மழை விடவில்லை. அவன் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான்.

"மன்னிச்சுக்கங்க. நான் பல் டாக்டர். என் எதிர்ல உட்காருறவங்க எல்லாருக்கும் வாய் திறந்தே இருக்கும், பதில் மட்டும் வராது. நாள் பூரா நானே பேசி நானே கேட்டுக்கறேன். நீங்க பதில் சொல்றீங்களா... விடவே மனசு வரலை."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கண்ணோரத்துக் களைப்பின் பெயர் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வீட்டிலும் அதுதானே குடியிருந்தது.

அதற்கப்புறம் ஜாக்கெட்டைச் சோதிக்கிறேன் என்று ஒரு மாலை மழையில் நடந்தார்கள். அவன் குடை பிடித்து முழங்கால்வரை நனைந்தான். அவள் குடையில்லாமல் காய்ந்திருந்தாள். இன்னொரு மாலை... இன்னொன்று... அவளுக்கு 'மழைக்காரி' என்று பெயர் வைத்தான். 'போகாமல் இருந்தால் என்ன?' என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே வெட்கப்பட்டுக்கொண்டாள்.

புறப்பட இரண்டொரு நாள் இருக்கும்போது மேலதிகாரி கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லியிருக்கலாமே? வேற ஆளைப் போடறேன்."

"யார் சார் சொன்னது எனக்குக் கஷ்டம்னு?"

"நம்ம பல் டாக்டர்தான். நேத்து எனக்குக் கடைவாய்ப்பல்... வாய் மரத்துக் கிடந்ததால ஒண்ணும் கேக்க முடியலை. ஒத்தையில பாவம், அவ்வளவு தூரம் அனுப்பாதீங்கன்னு ரொம்பச் சொன்னார்."

ஒத்தையில. பாவம். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது.

நேராக அவன் கிளினிக்குக்குப் போனாள். மருந்து நெடி. கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்த முகமாக வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து நின்றான்.

"எனக்காகப் பேசச் சொல்லி உங்களை யார் கேட்டா?"

"இல்லைங்க... வேற யாரையாவது அனுப்பலாமேன்னு..."

"யாருமில்லாதவளாச்சே, நாமாவது பார்த்துக்கலாம்னு நினைச்சீங்க. ஊரே என்னைப் பாவம்னு பார்க்குது. நீங்களுமா?"

"நான் பாவப்படலை."

"பின்னே?"

அவன் வாயைத் திறந்தான். ஊருக்கெல்லாம் ஓயாமல் பேசுகிறவனுக்கு அந்த ஒரு கேள்விக்கு வார்த்தை வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். பிறகு திரும்பி நடந்தாள்.

மலை... பஸ் போகிற இடம்வரை பஸ். அப்புறம் ஜீப். அதற்குமேல் நடை. நிலையத்தில் அவளைத் தவிர ஒரு வயர்லெஸ்காரர். தங்கமான மனிதர், ஆனால் பேச்சைக் காசு மாதிரி முடிந்து வைத்திருப்பவர். "சாப்பாடு ஆச்சா?", "காத்து ஜாஸ்தி". நாள் அதோடு முடிந்துவிடும்.

விடிந்ததும் ஜாக்கெட்டின் தொப்பியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே போவாள். காற்றளவியின் கிண்ணங்களில் உறைந்த பனியைத் தட்டி உதிர்ப்பாள். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். சாய்ந்து வருகிற மழை ஊசி ஊசியாகத் தோளில் தெறித்து உருண்டோடும். உள்ளே ஒரு துளி இறங்கவில்லை. நல்ல ஜாக்கெட்தான். அவள் தேர்வு தப்பவில்லை. ஆனால் உள்ளேயே இருக்கிற குளிருக்கு எந்தத் துணி...

அவனோடு மனசுக்குள் சண்டை போட்டாள். பனி அள்ளும்போது, பேட்டரி மாற்றும்போது, சூப் கொதிக்கும்போது. அவன் சொல்லாத பதில்களையெல்லாம் அவளே சொல்லி, அவளே வெட்டிப் பேசி, அவளே ஜெயித்தாள். ஜெயித்தபின் நிலையம் இன்னும் நிசப்தமாகிவிடும். 'எழுதியிருக்கலாமே அவன்' என்று ஒரு மனசு. 'நீ எழுதினாயா?' என்று இன்னொரு மனசு. இரண்டுமே அவளுடையவைதான். துணைக்கு வேறு யார் இருந்தார்கள்?

பனி இளகத் தொடங்கியதும் நிலையத்துப் போன் அடிக்க ஆரம்பித்தது. மலையேற வருகிறவர்கள் வானிலை கேட்பார்கள். ஒரு காலை, அன்று கடை முழுக்கக் கேட்ட அதே குரல்...

"மழைக்காரியா? நான் பல் டாக்டரோட அம்மா. அவனைப் பத்திப் பேசக் கூப்பிடலை. ஏறலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். "இந்த வாரம் வேண்டாம்மா. அடுத்த வாரம் காத்து அடங்கும்."

"சரி. அவன் சரியாச் சாப்பிடறதில்லைன்னு உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கான். அதனால நான் சொல்லலை. வெச்சுடவா?"

வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம், தூறலினூடே மஞ்சள் ஜாக்கெட் ஒன்று வளைவு திரும்பி ஏறி வந்தது. பின்னாலேயே, மெல்லிய மழைக்கோட்டில் தொப்பலாக நனைந்து, நாய் போல மூச்சு வாங்கியபடி... அவன்.

"இவனால பாதி வழியில மூணு தடவை உட்கார வேண்டியதாப் போச்சு" என்றாள் அம்மா. அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இளைச்சுட்டே. அடுப்பு எந்தப் பக்கம்?" பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

வாசலில் இருவர் மட்டும். மேகம் காலடியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கும் ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கிக்கத் தெரியலையா?"

"கடைவரைக்கும் போனேன். அந்தக் கம்பிகிட்ட நிக்க முடியலை. வந்துட்டேன்."

அவள் கொஞ்சம் நகர்ந்து, கூரைக்கடியில் அவனுக்கு இடம் விட்டாள்.

"தப்பு என்னுதுதான்" என்றான். இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை. "போகாதீங்கன்னு உங்ககிட்ட சொல்லத் தைரியமில்லை. உங்க மேலதிகாரிகிட்ட சொன்னேன். நீங்க போயிட்டா எனக்கு யாருமில்லைன்னு சொல்ல வெக்கமா இருந்தது. அதனால உங்களுக்கு யாருமில்லைன்னு சொல்லிட்டேன். பாவம்னு நான் சொன்னது என்னைத்தான்... உங்க பேர்ல சொன்னேன்."

காற்று ஒரு சுற்றுச் சுற்றி அடித்தது. அவளுக்குக் கண் எரிந்தது.

"நான் இறங்கி வர மாட்டேன். அடுத்த குளிர்காலத்துக்கும் நானே கேட்டு வாங்கியிருக்கேன். இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் முகம் ஒரு நொடி வாடியது. பிறகு தலையாட்டினான். "இறங்கி வாங்கன்னு கேக்க வரலை. ஏறி வரலாமான்னு கேக்க வந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்ல ஒரு மலை ஏற வேண்டியிருந்தது."

அவள் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள். எத்தனை புயலில் நின்றிருக்கிறாள்! இப்போதுதான் ஒரு பிடி வேண்டியிருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"எதுக்கு? காத்துக்கா?"

"இல்லை..." குரல் உடைந்தது. உடைந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். "நாளைக்கு நீங்க இறங்கிப் போயிடுவீங்களே... இப்பவே அதை நினைச்சுப் பயமா இருக்கு. இதுவரைக்கும் எனக்கு இப்படி யார் போறதுக்கும் பயந்தது இல்லை. ஏன்னு... நான் வேற தனியாச் சொல்லணுமா?"