நாளைக்கு ஒரு படம்

அன்றைக்கு உரிய ஒரே படத்தைப் புகைப்படக் கலைஞர் மிதிலன் ஒரு கொக்குக்குச் செலவழித்துவிட்டுக் கண்களை மூடி நின்றார். அவருடைய கேமராவைச் சுற்றியிருந்த ஒடுக்கி வளையத்தில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது.

"இனி நாளைக்குத்தான். இந்தக் காத்திருப்புலதாம்மா கலை இருக்கு" என்றார்.

மெல்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூத்துக்குடி நாளிதழ் ஒன்றில் பதினெட்டு வருடமாகப் படமெடுப்பவள் அவள். வீட்டில் இருபத்திரண்டு லென்ஸைப் பூட்டிவைத்துவிட்டு, வெளியே வந்து எளிமையைப் பற்றி வகுப்பெடுக்கும் இந்த மனிதரோடு, பத்திரிகை ஆசிரியர் சேர்த்து அனுப்பியதால் ஒரே காரில் கழிமுகத்துக்கு வந்ததே அவளுக்குப் பெரிய தண்டனை.

எல்லாநோக்கி என்ற கருவி வந்தபோதே புகைப்படத்தின் மானம் போய்விட்டது. அதை ஓரிடத்தில் வைத்தால் போதும். எந்தக் கோணத்திலும் எந்தத் தூரத்திலும் பிறகு படம் செய்துகொள்ளலாம். நடந்ததைச் செய்யலாம், நடக்காததையும் செய்யலாம். எனவே எந்தப் படத்தையும் யாரும் நம்பவில்லை. அதற்கு மருந்தாக வந்ததுதான் ஒடுக்கி. கேமராவில் மாட்டினால் ஒரு வருடம் கழற்ற முடியாது. ஒரே லென்ஸ், ஒரு நாளைக்கு ஒரே படம், திருத்த வழியே கிடையாது. அதன் முத்திரை உள்ள படத்தை மட்டுமே நீதிமன்றம் ஏற்றது. அத்தோடு விட்டிருக்கலாம். மிதிலன் வகையறா அதை ஒரு மதமாக்கி, கருவி குறைந்தால் கண் கூர்மையாகும் என்று ஓதத் தொடங்கியது.

ஆசிரியரின் கட்டாயத்தால் மெல்பாவும் ஒடுக்கியை மாட்டிக்கொண்டாள். "இப்பல்லாம் உன் படம் எவ்வளவு ஆழமா இருக்கு!" என்று அவர் வியந்தபோது, "ஒண்ணுதான்னு தெரிஞ்சதும் நீங்க இப்பதான் உத்துப் பாக்கிறீங்க சார்" என்றாள்.

கழிமுகத்தில் மூன்று மாதமாக மீன் செத்து மிதந்தது. நண்டு பிடிக்கும் ஸ்டெல்லாதான் பத்திரிகைக்குச் சொன்னாள். கரையோரச் சாயத் தொழிற்சாலையின் மேலாளர் தண்டபாணி மெல்பாவையும் மிதிலனையும் வரவேற்றுத் தேநீர் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் கரைக்குழாயிலிருந்து ரத்தச் சிவப்பில் தண்ணீர் கொட்டியது. மெல்பா ஓடிப்போய் எடுத்தாள். கச்சிதமான படம். உள்ளுக்குள் துள்ளினாள்.

தண்டபாணி இரண்டு வளையங்களையும் எட்டிப் பார்த்தார். பிறகு, அவர்கள் எதிரிலேயே போனை எடுத்தார். "ரெண்டும் சிவப்பு. அதைத் திறங்க."

நீருக்கடியில் இன்னொரு குழாய் திறந்தது. நிறமில்லாத ஏதோ ஒன்று பரவ, மடவை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தன. அங்கே நண்டு தேடி முட்டளவு நீரில் நின்ற ஸ்டெல்லா அலறிக்கொண்டு கரையேறினாள். கால்கள் வெந்து சிவந்திருந்தன.

"என்னம்மா சும்மா நிக்கிய? படம் புடிங்க!"

மெல்பா பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். கேமரா அசையவில்லை. பையிலிருந்த எல்லாநோக்கியை எடுத்து நீட்டினாள். தண்டபாணி தலையைக் கோதிவிட்டுக்கொண்டார். "எடுங்க மேடம். மூஞ்சி தெளிவா வரட்டும்."

"எடுக்க முடியாத படம்தான் மனசுல நிக்கும்" என்று மிதிலன் முணுமுணுத்தார்.

"அந்தம்மா கால் கொப்புளிச்சிருக்கு. உங்க மனச அதுல தடவுங்க" என்றாள் மெல்பா.

சிவப்பு நீர் வெறும் பீட்ரூட் சாறு என்று ஆய்வகம் சொன்னது. மெல்பாவின் முத்திரைப் படம், தொழிற்சாலை குற்றமற்றது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. ஸ்டெல்லாவின் புகாரைத் தள்ளுபடி செய்தார்கள்.

அடுத்த நாளே மெல்பா கேமராவோடு கழிமுகத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சிவப்பு நீர் கொட்டியது; எடுக்கவில்லை. தொழிற்சாலை ஆட்கள் வந்து ஆடிக் காட்டினார்கள், எடுக்கவில்லை. வளையம் பச்சையாக இருந்தவரை அடிக்குழாய் திறக்கவில்லை. எடுக்காமல் வைத்திருக்கும் படத்துக்குத்தான் அவர்கள் பயப்படுகிறார்கள் என்று பொழுது சாய்வதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. இருளிலும் எடுக்கும் அந்தக் கேமராவை மூங்கிலில் கட்டி, குழாயை நோக்கித் திருப்பிவைத்தாள். ஸ்டெல்லாவும் மற்ற பெண்களும் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். தொழிற்சாலை வேறு வழியில்லாமல் சுத்திகரிப்புத் தொட்டியை ஓட்டத் தொடங்கியது. படமே தராத புகைப்படக்காரி எதற்கென்று ஆசிரியர் அவளை வேலையிலிருந்து நீக்கினார்.

நாற்பத்தோராம் நாள் மிதிலன் பொன்னாடையும் பதினைந்து சீடர்களுமாக வந்து இறங்கினார். "நாப்பது நாள்! ஒரு படம்கூட எடுக்கல! எங்க யாருக்கும் இது வாய்க்கலம்மா. நீங்கதான் உச்சம்!"

அவரை நாலு வார்த்தை கேட்க மெல்பா வாயெடுத்தபோது, கழிமுகத்தில் நீர் சலசலத்தது. திரும்பி வந்திருந்த மடவைக் கூட்டம் மாலை வெயிலில் எம்பிக் குதித்தது. நடுவே, ஆறிய கால்களோடு ஸ்டெல்லா வலையை வீசி, வாய்விட்டுச் சிரித்தாள். பதினெட்டு வருடத்தில் மெல்பா அப்படியொரு காட்சியைப் பார்த்ததில்லை. அவள் கை தானாகவே கேமராவின் பொத்தானுக்குப் போனது.

எதிரே, தொழிற்சாலை மாடியில் தண்டபாணி தொலைநோக்கியோடு நின்றிருந்தார். மறுகையில் போன்.

மெல்பா கையை இறக்கினாள். மீன்கள் ஒவ்வொன்றாக நீரில் விழுந்து மறைந்தன.

"ஆகா, ஆகா!" என்று பின்னால் மிதிலன் கண்ணீர் மல்கக் கைதட்டினார்.