குளிர்முனையில் முப்பத்தாறு

குளிர்முனை சூடாக இருந்தது.

ரைஹான் குனிந்து மறுபடியும் பார்த்தாள். பாம்புப் பெட்டிக்குள் கோடிக்கு ஒன்றாக இரண்டு வெப்பமானிகள் ஒட்டியிருந்தன. இடது கோடிதான் சூட்டுமுனை. அங்கே கம்பி வலைக்குள் வெளிச்சம் தராத பீங்கான் பல்பு ஒன்று எரிந்தது. முப்பத்திரண்டு டிகிரி இருக்க வேண்டும், இருந்தது. வலது கோடியில் இருபத்தாறைத் தாண்டக் கூடாது. பாம்புக்கு வெக்கை தாங்கவில்லையென்றால் வந்து படுத்துக்கொள்ளும் இடம் அது. அங்கே முப்பத்தாறு காட்டியது.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அவளுக்கு உறுத்தும். இரண்டு வெப்பமானிகளையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டு ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரம் காத்திருந்தாள். அந்தந்தப் பக்கத்து எண் மாறவில்லை. பீங்கான் பல்பின் பிளக்கைப் பிடுங்கினாள். அரை மணியில் இடது பக்கம் இருபத்தொன்பதுக்கு இறங்கியது. வலது பக்கம் முப்பத்தாறிலேயே நின்றது.

தம்பி மீராஸுக்குப் போன் போட்டாள்.

"டேய், உன் பெட்டி சரியில்லடா. குளிர வேண்டிய பக்கம் கொதிக்குது."

"பின்னாடி வீட்டைச் சூடாக்குற ரேடியேட்டர் குழாய் போகுதோ என்னமோ."

"குழாய் ஜன்னல் பக்கம் இருக்கு. இந்தச் சுவத்துல ஆணிகூட கிடையாது."

"அப்ப வெப்பமானி கெட்டுருக்கும்க்கா. விடு. கம்ஷி எலியைத் தின்னானா?"

"திரும்பிக்கூடப் பாக்கல."

"அவன் மாசக்கணக்குல பட்டினி கிடப்பான், ஒண்ணும் ஆகாது. சூடு மட்டும் குறையக் கூடாது. பாம்புக்குச் சொந்தமா சூடு கிடையாதுக்கா. நாம குடுக்கிறதுதான்."

மேற்கே எண்ணெய் வயலில் மாதத்தில் பாதி நாள் வேலை அவனுக்கு. பூங்காவில் மலைப்பாம்பைத் தோளில் போட்டுப் படம் எடுத்துக் கொடுக்கும் ஆள் ஒருவன் இறந்துபோக, நாதியற்றுக் கிடந்த பாம்பை இவன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மூன்று மீட்டர் நீளம். அசையவே சோம்பல்படுகிற அதற்குக் கேலியாகக் கம்ஷி, அதாவது சாட்டை, என்று பெயரும் வைத்தான். கர்ப்பிணியான மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள். விவாகரத்தாகித் தனியாக இருக்கும் அக்கா வீட்டில்தான் ஓர் அறை காலியாக இருந்தது. பழைய துணி அலமாரியைப் படுக்கவைத்து, உள்ளே தெர்மாகோல் அடித்து, முன்பக்கம் நகர்த்தும் கண்ணாடி போட்டு, தேங்காய் நார்த்தூள் பரப்பி, கோடிக்கொன்றாகப் பதுங்க மரப்பெட்டி வைத்து, தண்ணீர்த் தொட்டியும் வைத்துவிட்டுப் போனான். குடியிருப்பு முழுக்கச் சிரிப்பு. எதிர்வீட்டுக் கலீனா படியில் பார்க்கும்போதெல்லாம், "உன் புது மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா? பழையவனைவிட இவன் பரவாயில்ல, வோட்கா கேக்க மாட்டான்" என்பாள்.

போனை வைத்துவிட்டு ரைஹான் கண்ணாடியை நகர்த்திக் குளிர்முனையில் கையை விட்டாள். அங்கே மரப்பெட்டியின் வாய் இருண்டு கிடந்தது. அதன் அருகே நார்த்தூள் வெதுவெதுவென்றிருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்துபோன படுக்கையைப் போல. ஒரு வாடையும் வந்தது. பாம்பின் வாடை அவளுக்குப் பழகிவிட்டது, ஈர மண்ணும் பழைய தோலும் கலந்த மாதிரி. இது வேறு. மழையில் நனைந்த ஆட்டுத்தோலை அடுப்போரம் காயவைத்தது போல.

கம்ஷி எதிர்க்கோடியில், பல்புக்கடியில் இருந்த மரப்பெட்டிக்குள் தன்னை இறுகச் சுருட்டி அடைத்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அப்படித்தான். தலை மட்டும் வெளியே. அது பார்த்துக்கொண்டிருந்தது வலது பக்கத்தை.

வியாழக்கிழமை காலை ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடந்தது. நகரத்துக்கே வெந்நீர் அனுப்பும் பெரிய குழாய் வெடித்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குள் மூச்சு புகைந்தது. பதினோரு மணிக்குப் பேருந்துகள் வந்தன, எல்லாரையும் ரயில்நிலையத்துப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போக. கலீனா இரண்டு கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

"கிளம்புடி. என்ன நின்னுட்டிருக்கே?"

"பாம்பு இருக்கு, கலீனாக்கா."

"இருக்கட்டுமே!"

"கரண்ட் இருக்கிற வரைக்கும் பல்பு எரியும். பள்ளிக்கூடத்துல குழந்தைங்க நடுவுல இதை எங்க கொண்டுபோய் வைக்கறது?"

"பைத்தியக்காரி. ஒரு பாம்புக்காக விறைச்சு சாகப்போறியா?"

"சாயங்காலம் சரியாயிடும்னு சொல்றாங்க. நீங்க போங்க."

கலீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ரைஹானின் தோளுக்கு மேலாக அந்த அறைப் பக்கம் பார்த்தாள். "உள்ள யாராவது இருக்காங்களா?" என்றாள்.

"யாரும் இல்லையே. ஏன்?"

"மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு." கூடைக்குள் பூனை உறுமியது. கலீனா அதற்கு மேல் நிற்கவில்லை.

பேருந்துகள் போன பிறகு கட்டடம் காலியானது காதில் தெரிந்தது. மேல்வீட்டு நடை இல்லை, தண்ணீர்க் குழாயின் முனகல் இல்லை, கீழ்வீட்டு ரேடியோ இல்லை. பன்னிரண்டு மணிக்குப் பனிப்புயல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்ததெல்லாம் ஒரே வெள்ளையாகி, அந்த வெள்ளையும் சுவரில் மோதி மோதி உராய்ந்தது. சிறிது நேரத்தில் மின்சாரமும் போயிற்று.

மீராஸை அழைத்தாள். போனில் இருபது சதவீதம் சார்ஜ்தான் இருந்தது.

"கரண்ட் போச்சுடா."

"அக்கா, நீ ஏன் போகல?"

"உன் பாம்புக்காகத்தான்."

"ஐயோ, அக்கா!" அவன் குரல் உடைந்தது. "சரி, கேளு. பெட்டி மேல போர்வை போடு. பாட்டில்ல வெந்நீர் இருந்தா உள்ள வை. அதுவும் ஆறிட்டா அவனைத் தூக்கி உன் கூடப் படுக்க வெச்சுக்கோ. உன் உடம்புச் சூடு அவனுக்குப் போதும். கடிக்க மாட்டான்."

பிளாஸ்கில் இருந்த வெந்நீரை இரண்டு பாட்டில்களில் ஊற்றிச் சூட்டுமுனையில் வைத்தாள். ஒரு மணி நேரத்தில் ஆறிவிட்டது. பெட்டிமேல் போட்ட போர்வைகளை எடுத்துத் தானே போர்த்திக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்போதுதான் பயம் வந்தது. பாம்பாவது ஒன்றாவது. கோட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு மூன்று மாடி இருட்டுப் படியில் கையால் தடவித் தடவி இறங்கினாள். கட்டடத்தின் இரும்புக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. தள்ளினாள். தோளைக் கொடுத்து முட்டினாள். ஒரு விரல் அகலம் திறந்தது. அந்த இடுக்கில் தெரிந்தது வெளி இல்லை, இடுப்புயரத்துக்கு இறுகிப்போன பனி. வீட்டுக் கதவுகளையெல்லாம் தட்டிக்கொண்டே மேலே ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் அவள் தட்டிய சத்தம் மட்டும் உள்ளே போய்த் திரும்பி வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைப் பார்த்தாள்.

அறையில் நான்கு டிகிரி. பெட்டியின் கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. உள்பக்கமாக. வலது கோடியில் மட்டும் அடர்த்தியாக.

தெர்மாகோல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கெட்டிக்காரன் மீராஸ், நன்றாகத்தான் அடித்திருக்கிறான். விரல்கள் மரத்துப்போய்க் கண்ணாடியை நகர்த்தவே மூன்று முறை முயல வேண்டியிருந்தது. நகர்ந்ததும் அந்த வெதுவெதுப்பு முகத்தில் வந்து மோதியது. நனைந்த ஆட்டுத்தோல் வாடை. அவள் முகத்தை விலக்கவில்லை. காலையிலிருந்து குளிரில் நின்றவளுக்கு அது அம்மாவின் மடி மாதிரி இருந்தது.

இடது கோடியை அவள் பார்க்கவில்லை. அங்கே பாட்டில்கள் ஆறிக் கிடந்தன. கம்ஷி சூடு தேடி இந்தப் பக்கம் வந்திருக்கும். அதுதானே நியாயம்?

வலது மரப்பெட்டியைத் தூக்கி அப்பால் வைத்தாள். அரையிருட்டில் தடித்த சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இரு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கினாள். கனத்தது. போன மாதம் தூக்கியபோது இவ்வளவு கனமில்லை. ஆனால் சூடாக இருந்தது. அவள் விரல்களுக்கு உயிர் வந்து வலித்தது. கண்ணில் நீர் முட்டியது. பஞ்சுப் போர்வையில் சுற்றி அணைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். பெட்டியை மூடத் தோன்றவில்லை.

கோட்டோடு கட்டிலில் படுத்து, இருக்கிற போர்வைகளையெல்லாம் மேலே இழுத்துக்கொண்டாள். அது மெதுவாக அவிழ்ந்தது. முழங்கால்களைச் சுற்றியது, இடுப்பை, முதுகை. நெருக்கவில்லை. அணைத்தது, அவ்வளவுதான். கலீனா பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துச் சிரிப்புகூட வந்தது. வெளியே புயல் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ரொட்டி அடுப்பு போலக் கதகதப்பு. கண் சொக்கியது.

போன் ஒலித்தபோது ஜன்னலில் வெளிச்சம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. மணி இரண்டரை. போனில் இரண்டு சதவீதம்.

"அக்கா! நல்லாருக்கியா? கம்ஷி?"

"இங்கதான் இருக்கான். என் கூடத்தான்." தூக்கத்தில் நாக்கு குழறியது. "நல்லா சூடா இருக்கான்டா. இவன் இல்லைன்னா நான் செத்திருப்பேன். எனக்கு வேர்க்கவே ஆரம்பிச்சிருச்சு."



"அக்கா." அவன் மெதுவாகப் பேசினான். "நீ அவனைச் சூடாக்கலாம். அவன் உன்னைச் சூடாக்க மாட்டான்."

"என்னடா சொல்றே?"

"அவன் தலை தெரியுதா உனக்கு? அக்கா, போர்வையைத் தூக்கிப் பா—"

போன் அணைந்தது.

ரைஹான் அசையவில்லை. தூக்கம் முழுதாகக் கலைந்துவிட்டது. முதுகோடு ஒட்டிக் கிடந்த உடம்பில் செதில் இல்லை என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கோட்டையும் தாண்டித் தெரிந்தது. மழமழப்பு. அதற்குள்ளே, அவள் முதுகெலும்பை ஒட்டி, நிதானமான ஒரு துடிப்பு. அவளுடையது இல்லை. அவளுடையது தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கையை இழுக்கப் பார்த்தாள். கை வரவில்லை.

காலை இழுத்தாள்.

காலும் வரவில்லை.

தலையை மட்டும் திருப்ப முடிந்தது. கதவு திறந்திருந்தது. நடைபாதையில் சாம்பல் வெளிச்சம். திறந்து கிடந்த பெட்டியிலிருந்து, மரத்தரை மேலாக, படுக்கையறை வாசல்வரை நார்த்தூள் ஒரு வளைந்த கோடாகச் சிந்தியிருந்தது. கோட்டின் முடிவில் கம்ஷி கிடந்தது. பழுப்பும் மஞ்சளுமான அதே திட்டுகள். மூன்று மீட்டரும் நனைந்து உறைந்த கயிறு போல விறைத்திருந்தது. அவளிடம் வருவதற்காகக் கிளம்பியிருக்கிறது. வாசற்படியில் தலையை வைத்திருந்தது. அதற்கு மேல் வரவில்லை. குளிர் முந்திக்கொண்டதா, கட்டிலில் கிடப்பதைப் பார்த்து நின்றதா, தெரியவில்லை. கண்கள் திறந்திருந்தன.

ரைஹான் கத்துவதற்காக மூச்சை இழுத்தாள். விட்டாள். மூச்சு விட்டு இளகிய இடத்தை ஒரு சுருள் வந்து நிரப்பியது. அடுத்த மூச்சுக்கு இடம் குறைந்திருந்தது.

அவள் வாயிலிருந்து கிளம்பிய வெண்புகை குளிரில் மெதுவாக எழுந்து கலைந்தது.

பிறகு, அவள் மூச்சை அடக்கிக் கிடக்கையில், கன்னத்தருகே போர்வையின் ஓரம் மெல்ல உயர்ந்தது. அந்த இடுக்கிலிருந்து இன்னொரு மூச்சின் வெண்புகை வந்தது.