வலம் வராத கருடன்

புஸ்ஸ்ஸ்!

காரின் மூக்கிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. என்ஜின் ஒரு முறை இருமியது. இன்னொரு முறை இருமியது. அடுத்த இருமலைப் பாதியிலேயே விழுங்கிவிட்டு அடங்கிப்போனது.

“மறுபடியுமா?” என்றாள் வள்ளிக்கண்ணு.

அவளுடைய அப்பா அழகிரி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். மூக்கில் மட்டும் இருந்த கரி இப்போது காதுவரை பரவியது.

அந்தக் கறுப்புக் காருக்கு வள்ளியைவிட வயது அதிகம். ஸ்ரீரங்கத்தில் அழகிரி ஓட்டும் வாடகைக் கார் அது. ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் கோயிலுக்குக் கொண்டுபோகும். கோயிலிலிருந்து சமயபுரத்துக்கும் சுமந்து போகும். பெருமாளைக் கருடன் சுமப்பதுபோல் இதுவும் எல்லாரையும் சுமக்கிறதே என்று, ‘கருடன்’ எனப் பெயர் வைத்தவள் வள்ளிதான்.

போன வாரம் வந்தது வினை. சமயபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்ட ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வரும்போது, கொள்ளிடம் பாலத்தின் நட்டநடுவில் கருடன் நின்றுவிட்டது. மொட்டைத் தலைகளெல்லாம் வெயிலில் பளபளக்க, தாத்தா முதல் பேரன் வரை இறங்கித் தள்ளித்தான் அதைக் கரை சேர்த்தார்கள்.

என்ஜினைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. என்ஜினின் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே தட்டையாக ஒரு செப்புத் தகடு இருக்கும். அதற்குக் கேஸ்கட் என்று பெயர். உள்ளே எரிகிற நெருப்பும், சூட்டைத் தணிக்க ஓடுகிற தண்ணீரும் ஒன்றையொன்று சந்தித்துவிடாமல் காவல் காப்பது அதன் வேலை. அந்தக் காவல்காரன் கிழவனாகி வெந்துபோயிருந்தான். தண்ணீர் எண்ணெயில் கலந்து, எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி ஆகியிருந்தது.

மெக்கானிக் பிச்சைமுத்துவோ தங்கை கல்யாணத்துக்கு லால்குடி போய்விட்டார். அதனால் அழகிரியே புதுக் கேஸ்கட் வாங்கிப் போட்டார். எண்ணெயையும் மாற்றினார். நேற்று ஒரு நாள் கருடன் ஓடியது. இன்று மறுபடியும் புகை!

“பழசு போனது சரி. புதுசு எப்படிங்கப்பா ஒரே நாள்ல போகும்?” என்று கேட்டாள் வள்ளி.

“அதைத்தான் நானும் இதுகிட்டக் கேக்கறேன். வாயைத் திறக்க மாட்டேங்குது” என்றார் அப்பா.

எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் குத்புதீன் பாய் எட்டிப் பார்த்தார். “அழகிரி, கருடனுக்கு இறக்கை முளைக்கிற வயசு இல்லப்பா. பேசாம ஒரு மாடு வாங்கிக் கட்டி ஓட்டு!”

“உங்க கடை வாடகை சைக்கிளை விட இது நல்லாத்தான் ஓடும், பாய்” என்றார் அழகிரி. ஆனால் குரலில் தெம்பு இல்லை.

வள்ளிக்கும் சிரிப்பு வரவில்லை. காரணம், அடைக்கலம்.

அடைக்கலம் அவளுடைய வகுப்பு. பக்கத்து வீடு. அவன் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவனுடைய ஒரு கால் மெலிந்துவிட்டது. கக்கத்தில் ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு நடப்பான். கொஞ்ச தூரம் நடந்தால் களைத்துவிடுவான். ஆனால் களைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டான்.

சனிக்கிழமை அவர்கள் வகுப்பு முக்கொம்புக்குப் போகிறது. ஆடி வெள்ளம் வந்து காவேரி கரை தொட்டு ஓடுகிற நேரம். ஒரே ஆறாக வருகிற காவேரி அங்கேதான் காவேரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. பஸ்ஸில் போய் இறங்கி, வெகு தூரம் நடக்க வேண்டும்.

“நான் உன்னைக் கருடன்ல கூட்டிட்டுப் போறேன்” என்று வள்ளி அடைக்கலத்திடம் எப்போதோ சொல்லிவிட்டாள். அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

அடைக்கலம் நன்றாகப் படம் வரைவான். வகுப்புச் சுவரில் மாட்டுவதற்காகப் பெரிய தாளில் காவேரிப் படம் வரைந்திருந்தான். மலைக்கோட்டை இருந்தது. பாலம் இருந்தது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம் ஒரு மாம்பிஞ்சு மாதிரி கிடந்தது. ஆனால் ஆறு பிரிகிற இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

“அதை மட்டும் ஏன் விட்டுட்ட?”

“பாக்காததை எப்படி வரையறது? வாத்தியார் சொன்னாரு. சொன்னதைக் கேட்டுக் கோடு போட்டா அது கால்சட்டை மாதிரி வருது.”

அந்தக் கால்சட்டையை ஆறாக்க இன்னும் ஒரே நாள்தான் இருந்தது. கருடனோ வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா திருச்சிக்குப் போய் இன்னொரு கேஸ்கட் வாங்கி வந்தார்.

“கடையில இது ஒண்ணுதான் மிச்சம். இதுவும் போனா மெட்ராஸ்லேருந்துதான் வரணும்” என்றார்.

விஷயம் கேள்விப்பட்ட அடைக்கலம் தோளைக் குலுக்கினான். “போகாட்டி என்ன? ஆறு எங்கே ஓடிடப் போகுது?”

“ஓடிக்கிட்டேதானே இருக்கு!” என்றாள் வள்ளி.

அவன் சிரித்தான். ஆனால் கண் மட்டும் படத்தின் அந்த வெள்ளை இடத்திலேயே இருந்தது.

“வேணும்னா பஸ்ஸிலேருந்து உன்னை யாராவது தூக்கிக்கிட்டு…”

“என்னைத் தூக்கக் கூடாது. நான் என்ன அரிசி மூட்டையா?”

வள்ளி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் படத்தை அட்டையில் ஒட்டும் வேலை. அடைக்கலம் வீட்டு வாசலில் அட்டையை விரித்து, மைதாப் பசையைத் தடவினார்கள். பக்கத்து வாசலில் வள்ளியின் அப்பா என்ஜினில் கரி சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வள்ளிக்கு அவசரம். தாளைப் பசையின்மேல் போட்டாள். ஒரு மூலையில் ஆரம்பித்து நான்கு ஓரங்களையும் சுற்றி வந்து, அழுத்து அழுத்தென்று அழுத்தினாள்.

நடுவில் ஸ்ரீரங்கம் பூரி மாதிரி உப்பிக்கொண்டு எழுந்தது!

“ஐயையோ!” என்றான் அடைக்கலம். “வெள்ளம் வந்தா ஊர் முழுகும்னு தெரியும். உப்பும்னு இப்பத்தான் பாக்கறேன்.”

வள்ளி நடுவில் ஓங்கி அழுத்தினாள். பூரி நகர்ந்து மலைக்கோட்டைப் பக்கம் போனது.

“விடு, விடு! ஓரத்தையெல்லாம் மொதல்லயே அடைச்சிட்டா உள்ளே இருக்கற காத்து எங்கே போகும்?” அவன் தாளை மெல்ல உரித்தான். “நடுவுல மொதல்ல கையை வை. அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். மாத்தி மாத்திப் போ. ஓரம் கடைசியில தானா ஒட்டும்.”

வள்ளி அப்படியே செய்தாள். தாள் சமர்த்தாகப் படிந்தது.

சட்டென்று அவள் கை நின்றது.

ஓரம்… நடு… காற்று…

புதுக் கேஸ்கட்டை அப்பா போட்ட நாள் அவள் கண்முன் வந்தது. மூடியை வைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு மூலையிலிருந்து ஒவ்வொரு நட்டாக இறுக்கிக்கொண்டே சுற்றி வந்தாரே! நடுவில் இருந்ததைக் கடைசியில்தானே இறுக்கினார்!

பசைக் கையோடு ஓடினாள் வள்ளி.

அங்கே கடைசிக் கேஸ்கட் என்ஜின்மேல் உட்கார்ந்துவிட்டது. மூடியும் ஏறிவிட்டது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அப்பாவின் ஸ்பானர் மூலையில் இருந்த நட்டைக் கவ்வியது.

“அப்பா! நிறுத்துங்க!”

அழகிரி திடுக்கிட்டுத் திரும்பினார். “என்ன கண்ணு? தேள் கீள் இருக்கா?”

“அங்கே ஆரம்பிக்காதீங்க. நடுவுல ஆரம்பிங்க!”

“நல்லா இருக்கே! ஊர்ல எல்லாரும் வலமா சுத்தி வராங்க. நானும் வலமாத்தானே சுத்தறேன்? நல்ல காரியத்தை வேற எப்படிச் செய்வாங்க?”

“பெருமாளை அப்படிச் சுத்தலாம்ப்பா. இது கருடன்தானே!”

எதிரே குத்புதீன் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஸ்பானரை அவர் அந்த மூலை நட்டிலிருந்து எடுக்கவில்லை.

வள்ளி மூலையில் கிடந்த, ஒரே நாளில் கெட்டுப்போன கேஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துப்பறிகிறவள் மாதிரி அதை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஓரத்தைப் பாருங்க. எவ்வளவு நல்லா அழுந்தியிருக்கு! இப்ப நடுவைப் பாருங்க.”

அப்பா குனிந்து பார்த்தார். ஓரமெல்லாம் ஆழமாகத் தடம் பதிந்திருந்தது. நடுவில் செம்பு புதுசாகவே பளபளத்தது. அந்தப் பளபளப்பின் குறுக்கே, நெருப்பு நுழைந்து போன கறுப்புக் கோடு ஒன்று.

“ஓரத்தை இறுக்கினதும் நடுவு தூக்கிக்கிச்சுப்பா. அப்புறம் இறுக்கியும் உக்காரல. எங்க படத்துல ஸ்ரீரங்கம் உப்பின மாதிரி.”

அப்பா கறுப்புக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தார். “பஞ்சர் ஒட்டறப்ப நானும் நடுவுலதான் மொதல்ல அமுக்குவேன், அழகிரி. ஏன்னு இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல. பாப்பா சொல்றதைக் கேளு.”

அப்பா மூலை நட்டிலிருந்து ஸ்பானரை எடுத்தார்.

“சரி. எங்கே ஆரம்பிக்கணும், சொல்லு.”

வள்ளி பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியால் நட்டுகளின் பக்கத்தில் எண் போட்டாள். ஒன்று நட்டநடுவில். அடுத்தது அதற்கு இந்தப் பக்கம். அதற்கடுத்தது அந்தப் பக்கம். இப்படி மாறி மாறிப் போய், கடைசி எண்கள் மூலைகளில் போய் நின்றன. கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்த அடைக்கலம், எண்களை உரக்கப் படிக்க ஆரம்பித்தான்.

“ஒண்ணு! போதும் மாமா, கொஞ்சம்தான். ரெண்டு! அந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம்!”

“டேய், ஸ்டேஷன்ல ரயில் வர மாதிரிக் கத்தாதடா” என்றார் அப்பா.

முதல் தடவை லேசாக இறுக்கினார். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து இன்னும் கொஞ்சம். அதற்கப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு முழு இறுக்கு. குழாய்களை மாட்டினார். புது எண்ணெயும் தண்ணீரும் ஊற்றினார்.

காரின் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார்.

க்ர்ர்ர்… ஒன்றுமில்லை.

இன்னொரு சுற்று. க்ர்ர்ர்…

அடைக்கலம் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான். வள்ளி கண்ணை மூடிக்கொண்டாள்.

டுர்ர்ர்… டுக்குடுக்கு டுக்குடுக்கு!

புகை? கொஞ்சம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. என்ஜின் சூடாகி, குறட்டை விடுகிற பூனை மாதிரி ஒரே சீராக ஓடியது. அப்பா அதை நிறுத்தினார்.

“ஆறினப்புறம் இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கப்பா” என்றாள் வள்ளி. “பசை காஞ்சதும் படத்தை இன்னொரு தரம் அமுக்கணும்னு அடைக்கலம் சொன்னான்.”

ஆறியதும் அப்பா இறுக்கிப் பார்த்தார். நடு நட்டு இன்னும் கொஞ்சம் திரும்பியது! அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“அட! உள்ளே இன்னும் இடம் வெச்சிருக்கே இது!”

சனிக்கிழமை காலையில் கருடன் முக்கொம்புக்குப் புறப்பட்டது. புறப்படும் முன் அப்பா கற்பூரத் தட்டோடு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வலமாக.

“அப்பா!”

“வெளியிலே எப்படிச் சுத்தினா உனக்கென்ன? உள்ளே உன் இஷ்டம், வெளியிலே என் இஷ்டம்” என்றார் அவர்.

முக்கொம்பில் கரையை ஒட்டிப் போய்க் கருடன் நின்றது. வகுப்புப் பிள்ளைகள் அப்போதுதான் தூரத்தில் தூசி கிளப்பிக்கொண்டு நடந்து வந்தார்கள். அடைக்கலம் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினான். கட்டையை ஊன்றி, கரையோரம் போய் நின்றான்.

அகண்ட காவேரி சுழித்துக்கொண்டு வந்தது. மண் நிறத் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் காருக்குத் திரும்பி, பின்சீட்டில் இருந்த படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வெள்ளை இடத்தின் நடுவில் பென்சிலை வைத்தான்.

இந்தப் பக்கம் ஒரு கோடு. அந்தப் பக்கம் ஒரு கோடு.

“பாரு வள்ளி,” என்றான், “காவேரிக்குக்கூட நடுவுலதான் ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சிருக்கு!”

வள்ளி எட்டிப் பார்த்தாள். இந்த முறை அது கால்சட்டை மாதிரி இல்லை. ஆறு மாதிரியே இருந்தது.