குழாய் வாயில் ஒரு துணி

கத்திரி வெயிலில் நாள் முழுக்க நின்ற வண்டிக்குள் ஏறியதும் அனுப்ரியாவுக்குக் கைமுடி சிலிர்த்தது. மேற்கு மாம்பலத்தின் அந்தச் சந்தில் தார் இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் காலையில் பிழிந்த வடாம் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. ஆனால் சரக்கு ஏற்றும் பிக்கப்பின் முதுகில் பொருத்தியிருந்த அந்தப் பெட்டி அறைக்குள், ஒரு மெத்தையும் ஒற்றை ஜன்னலும் பின்பக்கக் கதவும் மட்டுமே கொண்ட அந்தச் சின்ன அறைக்குள், தரை ஜில்லென்று இருந்தது. கூடவே ஒரு வாசனை. நனைந்து, காயாமலே மடித்து வைத்த கம்பளியின் வாசனை.

"பார்த்தியா, இன்சுலேஷன்னா இதான்" என்றான் அவள் கணவன் ஆனந்தகுமார்.

தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று லடாக் ஆசை வந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளையோடு வண்டியிலேயே போய், வண்டியிலேயே படுத்து எழுந்து வரவேண்டுமாம். பெட்டியை வடக்கே யாரிடமோ பழசாக வாங்கி வரவழைத்திருந்தான். யாரிடம் என்று கேட்டாள். "உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றான். பத்து வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்ட பாதிக் கேள்விக்கு அதுதான் பதில்.

ஹீட்டர் விஷயத்தில் மட்டும் அவள் விடவில்லை. அவன் வாங்க நினைத்தது அறைக்குள்ளேயே நெருப்பு எரியும் காஸ் ஹீட்டர். எங்கேயும் ஓட்டை போட வேண்டாம், கொண்டுவந்து வைத்தால் வேலை முடிந்தது. அது அறையின் காற்றைத் தின்றுவிட்டு, வாசனையே இல்லாத விஷத்தைக் கக்கும் என்று அவள் படித்திருந்தாள். அந்த விஷம் ஏறினவர்களின் முகம் ரோஜாப்பூவாகச் சிவந்துவிடுமாம். டீசல் ஹீட்டர் அப்படியில்லை. வண்டிக்கு அடியிலிருந்து காற்றை இழுத்து, மூடிய பெட்டிக்குள் எரிந்து, புகையைத் தனிக் குழாயில் வெளியே விட்டுவிடும். அறைக்கு வெறும் சூடு மட்டும்தான் வரும்.

"சிந்து தூங்கப்போற எடம்ங்க அது."

எட்டு வயது மகளின் பெயரைச் சொன்ன பிறகுதான், பிச்சை போடுகிறவன் மாதிரி, சரி என்றான்.

ஈக்காட்டுத்தாங்கலில் லாரன்ஸின் பட்டறையில் மாட்டினார்கள். "மெட்ராஸ்ல ஹீட்டர் மாட்றேன்னு சொன்னா எம் பொண்டாட்டியே சிரிக்கிறா மேடம்" என்று அவன் கேலி பேசிக்கொண்டே தரையைத் துளைத்தான். பிறகு பேச்சு குறைந்தது. சுவரோரம் புதுப் பெயின்ட்டைச் சுரண்டியபோது கறுப்பாக ஒரு தீய்ந்த வட்டம் தெரிந்தது. ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலிருந்து ஸ்க்ரூ டிரைவரால் எதையோ நெம்பி எடுத்தான். சாம்பல் நிறக் கம்பளித் துணுக்கு. இன்னொரு இடுக்கிலும் இருந்தது. எல்லா இடுக்கிலும் இருந்தது.

கீழே இறங்கி, விறைத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டு, வண்டிக்கடியில் புகைக்குழாயின் வாயைக் காட்டினான். "இத்த மட்டும் எவனும் அடைக்கக் கூடாது மேடம். அடைச்சா பொகை திரும்பி உள்ளாற பூந்துரும். வாசனை கீசனை ஒண்ணும் வராது. தூங்கிக்கினே போய்டுவாங்க." பெட்டியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். "உள்ளாற இன்னா மேடம், ஐஸ் ஃபேக்டரி மாதிரி கீது?"



வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே குழாய் வாயில் ஒரு துணி கட்டியிருந்தது. அனுப்ரியா அதைப் பிய்த்து எடுத்தாள், ஆனால் ஆச்சரியப்படவில்லை. மாமியார் பங்கஜத்துக்குத் திறந்த குழாயைக் கண்டால் ஆகாது. டெங்குக் கொசு பார்க்க வரும் மாநகராட்சி ஆட்கள் என்றோ சொல்லிவிட்டுப் போனதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக் குழாய் முதல் கழிவறைக் காற்றுக்குழாய் வரை அந்த வீட்டின் எல்லாக் குழாய்க்கும் பழைய வேட்டியைக் கிழித்து வாய்க்கட்டுப் போட்டு வைத்திருந்தாள்.

"கொசு போகும்லாம்மா. ஓட்டைன்னு இருந்தா கட்டத்தானே செய்யணும்?"

"அத்தை, இதைக் கட்டினா உள்ள படுக்கிறவங்க செத்துப் போயிடுவாங்க."

பங்கஜத்தின் முகம் வெளிறிப்போயிற்று. பேத்தியின் தலையில் கை வைத்து, இனி அந்தக் குழாய்ப் பக்கமே போகமாட்டேன் என்றாள். அன்று மாலையே ரயிலேறி, சொந்த ஊரான திசையன்விளையில் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிளம்பியும் போனாள்.

மறுநாள் குழாய் வாயில் மறுபடியும் துணி.

இது வேட்டி இல்லை. சாம்பல் நிறக் கம்பளி. கையால் பின்னியது. முடிச்சு அவ்வளவு சின்னதாக, அவ்வளவு இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. வாயெல்லாம் அந்த ஈரவாசனை. மின்விசிறியின் அடியிலேயே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த வீட்டில் கம்பளி என்று ஒரு நூல்கூடக் கிடையாது. தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த நாளும் அது கட்டியிருந்தது. அதே துணி. அவளுடைய பல் பட்ட இடம் பிரிந்திருந்தது.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். சிந்துவின் கழுத்தில் வேர்க்குரு மறைந்துவிட்டது. மே மாதத்தில் மாம்பலத்துக் குழந்தை எதற்கும் நடக்காத காரியம். பள்ளி விடுமுறையாதலால் பகலெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் விளையாட்டு. வீட்டிலிருந்த போர்வை ஒவ்வொன்றாகக் காணாமல் போனது, பிறகு ஜமக்காளம், பிறகு துண்டுகள். சோறு ஊட்டும்போது உதடு கையில் பட்டது. சில்லிட்டிருந்தது.

"எதுக்குடி இந்த வெயில்ல இத்தனை போர்வை?"

"காத்து வருதும்மா. எல்லாத்தையும் அடைக்கணும்."

"யாரு சொன்னா?"

சிந்து அவளைப் பார்த்துவிட்டு, கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் மாலை கடையிலிருந்து வந்தவனின் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் அனுப்ரியா கேட்டாள். "அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடந்துது?"

ஆனந்தகுமார் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குளிருதுன்னு இண்டு இடுக்கெல்லாம் அடைச்சுட்டு, காஸ் ஹீட்டரைப் போட்டுக்கிட்டுத் தூங்கிட்டாங்க. அப்பா, அம்மா, ஒரு பொண்ணு. அது அவங்க முட்டாள்தனம். அதனாலதான் சல்லிசா வந்துது. சாம்பிராணி போட்டாச்சு, பெயின்ட் அடிச்சாச்சு. இப்ப என்ன அதுக்கு?"

தெரிந்திருக்கிறது. தெரிந்தும், முதலில் அதே காஸ் ஹீட்டரைத்தான் வாங்கப் பார்த்திருக்கிறான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை; கசப்பு, நாக்கின் அடிவரை கசப்பு. இவனிடம் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

"நானும் வரமாட்டேன். சிந்துவையும் அனுப்ப மாட்டேன்."

"பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தான். "வா, இப்பவே ஹீட்டரைப் போட்டுக் காட்டறேன்." அவள் அசையவில்லை. அவன் மட்டும் சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே போனான்.

அவள் சமையலறைக்குள் போய், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பாலை அடுப்பில் வைத்தாள். விளக்கு வைக்கிற நேரம். தெருவில் பால்காரர் வண்டி போயிற்று, பூக்காரி போனாள், ரயில் நிலையத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களின் செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போயிற்று. பிறகு ஏதோ ஒன்று மிச்சமிருந்தது.

டக். டக். டக்.

டீசல் போகுதுன்னா இந்தச் சத்தம் வரும் மேடம் என்று லாரன்ஸ் சொல்லியிருந்தான். ஹீட்டர் ஓடுகிறது.

"சிந்து?"

ஹாலில் இல்லை. மாடிப்படியில் இல்லை. செருப்பு வாசலில் இல்லை.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் ஓடினாள்.

வண்டியடியில் புகை இல்லை. குனிந்தாள். குழாய் வாயில் கம்பளி. பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வந்தது. நீளமாக, ஈரமாக, குழாய்க்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

அவள் கையை விட்டாள். விருட்டென்று முழுவதும் உள்ளே போயிற்று. குழாய் வாய் மறுபடி அடைந்தது.

கதவு. கைப்பிடி திரும்பியது, கதவு திறக்கவில்லை. விளிம்பு நெடுக அவள் வீட்டுப் போர்வைகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. கல்யாணத்துக்கு வந்த ஜமக்காளம். சிந்துவின் மஞ்சள் துண்டு.

ஜன்னல். கண்ணாடி முழுக்க உள்ளேயிருந்து பனி படிந்திருந்தது. மாம்பலத்தில். மே மாதத்தில். "என்னங்க! ஏங்க!" மெத்தையில் ஆனந்தகுமார் மல்லாந்து கிடப்பது மங்கலாகத் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. முகம் சிவந்திருந்தது.

ஒரு சின்னக் கை பனியைத் துடைத்தது. சிந்து. கன்னம் இரண்டும் ரோஜா நிறம். இத்தனை அழகாக அவளை அனுப்ரியா பார்த்ததே இல்லை.

"கதவைத் தொறடி கண்ணு. சீக்கிரம். அம்மாடி."

"வேணாம்மா." தூக்கக் குரல். "தொறந்தா அவங்களுக்குக் குளிரும்."

டயருக்கு முட்டுக்கொடுத்த கருங்கல்லை எடுத்தாள். ஓங்கி அடித்தாள். கண்ணாடி உள்பக்கமாக உதிர்ந்தது. குளிர் முகத்தில் அறைந்தது. காற்று. காற்று போகட்டும். உள்ளே போகட்டும். கையை நீட்டினாள்.

கை நுழையும் முன்பே துணி வந்தது.

சாம்பல் கம்பளி. ஓட்டையின் ஒரு ஓரத்தில் தொடங்கி, அவசரமில்லாமல், இறுக்கமாக. அவள் பிய்க்கப் பிய்க்க, உள்ளேயிருந்து விரல்கள் திணித்துக்கொண்டே இருந்தன. நீல நகப்பூச்சு பூசிய விரல்கள். ஞாயிற்றுக்கிழமை அவளே பூசிவிட்டது. பக்கத்தில் அதே அளவில் இன்னொரு குழந்தையின் விரல்கள். வளையல் போட்ட ஒரு கை. அதற்குப் பின்னால் பெரிய கை ஒன்று.

ஓட்டை சின்னதாயிற்று. இன்னும் சின்னதாயிற்று. கடைசியாக ஒரு நீல நகம் மட்டும் வெளியே நீண்டு, துணியின் விளிம்பை ஒழுங்காக உள்ளே மடித்துவிட்டு, போயிற்று.