நிலைவெட்டுத் தாடை

இனிச் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாயில் மிச்சமிருக்கும் சொந்தப் பற்களின் மேல் சத்தியம். பொய்யானால் அவையும் இன்றைக்கே உதிரட்டும்.

இன்பவல்லி தினமும் காலையில் புருஷனுக்கு இட்லி கொண்டுபோவாள், மரங்களைக் காக்க அமைத்த பசுந்தலை ஆணையத்தின் முன்வாசல் மைதானத்துக்கு. அங்கே ஒரு குட்டி லோடரின் இருக்கையில் சென்னியப்பன் சித்திரையிலிருந்து உட்கார்ந்திருந்தான். வண்டியின் முன்னால் மாட்டியிருந்த எஃகுத் தாடை, அடியோடு அறுபட்ட வாகை மரம் ஒன்றை நெட்டுக்குத்தாகக் கவ்விப் பிடித்திருந்தது. குளியல் ஹோஸ் பைப்பில். மற்றதற்கு இருக்கையில் ஓட்டை போட்டுக்கொள்ள ஆணையம் பல கூட்டங்கள் கூடி அனுமதி கொடுத்தது. அந்தப் பெருந்தன்மையைப் பற்றிச் செய்திக்குறிப்பும் வெளியிட்டது.

"சட்னி உப்புங்க மாமா. பொறுத்துக்கங்க."

"எதைத்தான் பொறுக்கல? ராத்திரி இந்த மரத்துல ஒரு ஆந்தை வந்து உக்காந்து என்னையவே பாக்குது அம்மிணி. அதுக்கும் என்னைப் பார்த்தா எளக்காரம்."

அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. மரத்தை அறுக்கலாம், விழவிடக் கூடாது. தரையைத் தொட்டால்தான் அது கொலை, ஏழாண்டுச் சிறை. மேலே சுற்றிய வான்கண் என்ற செயற்கைக்கோளுக்கு இலைத்தலைகளை மட்டும் எண்ணத் தெரியும். ஆணையத்தில் இருந்தவர்களுக்கு அந்த அளவுகூடத் தெரியாது. ரோடும் வேண்டும், பச்சையும் வேண்டும் என்று கேட்டார்கள். வடிவமைப்பாளரான இன்பவல்லி நிலைவெட்டுத் தாடையை வரைந்துகொடுத்தாள். கீழே அறுக்கும் கத்தி, மேலே கவ்வும் இரண்டு கைகள், ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம்.

ஆணையர் குணசீலன் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். ஓட்டுநர் எழுந்தால் கைகள் திறந்துகொள்ள வேண்டும். பொறுப்பான மனிதன் இல்லாமல் எந்திரம் மரத்தைத் தொடலாமா? இன்பவல்லி சரியென்று இருக்கைக்கடியில் துடிப்புணரி ஒன்றைப் பொருத்தினாள். முதலில் உட்கார்ந்தவனின் இதயத்தை மட்டுமே அது ஒப்புக்கொள்ளும். ஆளை மாற்றவும் முடியாது, கல்லை வைத்து ஏமாற்றவும் முடியாது. திறப்பு விழாவில் சென்னியப்பன் ஆசையாக வண்டியோட்டினான். மரம் அறுபட்டது, விழவில்லை. எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அவனால் மட்டும் போக முடியவில்லை.

தாடை வாங்கிய மற்ற ஊர்களிலும் இதே கதைதான்: ஒரு மரத்துக்கு ஓர் ஆள். ஆகவே ஊருக்கு ஒரு மரத்தோடு வெட்டு நின்றுபோனது. பெண்டாட்டி பிள்ளை உள்ளவன் எவன் ஏறுவான்?

புருஷனை இறக்கியாக வேண்டும். இன்பவல்லி தாடையை மறுபடி வரைந்தாள். எண்ணெய் திரும்பி ஓடாதபடி சிலிண்டர் வாயில் ஒரு பூட்டு வால்வு. தாடை தானே நிற்க மூன்று எஃகுக் கால்கள். கவ்வியபின் தாடையை அங்கேயே கழற்றிவிட்டு லோடர் பின்வாங்கிவிடலாம்.

குணசீலன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"ஆளே இல்லாம மரம் நிக்கறது நல்லா இருக்காதேம்மா. ஓட்டுநர் போட்டோ ஒண்ணு தாடையில ஒட்டிரலாமா?"

"ஒட்டலாங்க சார்."

"சிரிச்ச மாதிரி இருக்கோணும். அப்புறம், அந்த எண்ணெய் என்ன கலரு?"

"சிவப்புங்க."

"பச்சையா மாத்துங்க. நாங்கெல்லாம் சும்மாவா உக்காந்திருக்கறோம்?"

அனுமதி கிடைத்தது. வால்வையும் கால்களையும் அவளே பொருத்தி, உணரியின் கம்பியைப் பிடுங்கினாள். "எறங்குங்க மாமா." சென்னியப்பன் ஒரு காலைத் தரையில் வைத்தான், மரம் அசையவில்லை. மறு காலையும் வைத்தான். முழங்கால் மடங்கி அவன்தான் விழுந்தான். ஆணையம் கைதட்டியது.

அதற்குப் பிறகு யாருக்கும் எந்தத் தடையும் இல்லை. மரத்துக்கு ஆள் தேவையில்லை, தாடை போதும். ரோட்டுக்கு வெட்டினார்கள், ரோடு முடிந்தபின் தாடைகள் மிச்சமிருந்ததால் வெட்டினார்கள். மாவட்டம் முழுக்க மரங்கள் எஃகுக் கால்களில் நின்றன. சருகானதும் ஆணையம் பச்சைப் பெயிண்ட் அடித்தது. வான்கண் ஒரு தலைகூடக் குறையவில்லை என்றது. குணசீலனுக்கு விருது கொடுத்தார்கள். வாங்கும்போது அவர் சிரித்ததைப் பார்த்தால் எந்தத் தாடையிலும் ஒட்டலாம்.

சென்னியப்பன் தலைமை ஓட்டுநரானான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, "இன்னைக்கு இருவத்திரண்டு" என்றான்.

"நாளைக்குப் போகாதீங்க மாமா."

"என்னை எறக்கறதுக்குத்தான அதைச் செஞ்ச? எறங்கிட்டேன். இப்ப போகாதீங்கன்னா எப்படி அம்மிணி? நான் போகலீன்னா இன்னொருத்தன் போவான். உன்ற தாடை அத்தனை சுலுவா இருக்குது."

இன்பவல்லி தட்டில் இட்லி வைத்தாள். வெளியே தெரு முழுக்க அவள் வரைந்த கால்கள் நின்றன. அவற்றில் ஒன்றுகூட இதுவரை வழுக்கவில்லை.

சென்னியப்பன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த மாவட்டத்தின் கடைசி மரம் விழுந்துவிட்டது என்பதும் சத்தியம்; இதைச் சொல்லும்போதே வாயில் ஒரு பல் ஆடுகிறது.